நிறம் தீட்டுவதா, புள்ளி வைப்பதா? கருப்பொருள் படங்களில் எது எதற்குச் சரி

இலங்கைப் புறவுருவப் படம் ஒன்றையும் 25 மாவட்டங்களின் குடித்தொகை அட்டவணையையும் கொடுத்து "இதைப் படமாக்கு" என்றால், உயர்தரப் புவியியல் படிக்கும் பிள்ளைகள் அனேகம் பேர் யோசிக்காமல் கலர் பென்சிலைத்தான் எடுப்பார்கள். கூடின இடத்துக்குக் கடும் நிறம், குறைந்த இடத்துக்கு மெல்லிய நிறம், வேலை முடிந்தது. பார்க்க வடிவாகவும் இருக்கும். ஆனால் கருப்பொருள் படத்துக்கு, அதாவது ஒரு விஷயம் எங்கே எவ்வளவு என்று காட்டும் படத்துக்கு, நிழற்றல் படம் (இப்படி நிறம் தீட்டுவதுதான்), புள்ளிப் படம், விகிதசம வட்டப் படம் (எண்ணுக்கு ஏற்ற அளவில் வட்டம் போடுவது), சமகணியக் கோட்டுப் படம் (ஒரே பெறுமானம் உள்ள இடங்களைக் கோட்டால் இணைப்பது) என்று நாலு முறை பாடத்தில் இருப்பது மனப்பாடம் செய்து எழுதுவதற்கு மட்டும் இல்லை. ஒரே எண்களை ஒவ்வொன்றும் வேறு வேறு கதையாகச் சொல்லும், அதிலே சில கதை பச்சைப் பொய். திருகோணமலைக்காரர் கண்ணால் பார்த்தால் எது பொய், எது உண்மை என்று ஒரு சுற்று பார்ப்போம். குடித்தொகை எண்கள் எல்லாம் 2012 குடிசன மதிப்பீட்டில் இருந்து எடுத்தவை.

நிழற்றல் படம் பழசு. 1826 இல் சார்ல்ஸ் டுப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் தன் நாட்டுக் கல்வி நிலைமையை மாவட்டவாரியாக நிழற்றிக் காட்டினார், அன்றிலிருந்து அரச அறிக்கை, பத்திரிகை, தேர்தல் முடிவு என்று எங்கே பார்த்தாலும் இதுதான். இதில் பிள்ளைகள் முதலில் வழுக்குவது, மொத்த எண்ணிக்கையை அப்படியே நிறமாக்குவதில். அநுராதபுர மாவட்டத்தில் 860,575 பேர், யாழ்ப்பாணத்தில் 583,882 பேர். மொத்தத்தை வைத்து நிறம் தீட்டினால் அநுராதபுரம் கடும் நிறத்தில் வரும், அதுவும் பரப்பில் நாட்டிலேயே பெரிய மாவட்டம் என்பதால் படத்தின் நடுவில் பெரிய கறுப்புத் திட்டாக நிற்கும், பார்க்கிறவன் அங்கேதான் சனம் நெருக்கியடித்து வாழுது என்று நினைப்பான். அடர்த்தியைக் கணக்கிட்டால் அநுராதபுரத்தில் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 130 பேர் அளவில்தான், யாழ்ப்பாணத்திலோ 600 ஐத் தாண்டும். எனவே நிழற்றல் படத்துக்கு அடர்த்தி, வீதம், சராசரி போன்ற எண்கள்தான் பொருந்தும். மொத்த எண்ணிக்கை பொருந்தவே பொருந்தாது.

அடர்த்தியைப் போட்டுவிட்டால் மட்டும் தப்பிக்கலாமா? இல்லை, வகுப்பாயிடை, அதாவது ஒரு நிறத்துக்கு எந்த எண்ணில் இருந்து எந்த எண் வரை என்பது, இன்னொரு பொறி. கொழும்பின் அடர்த்தி 3,400 க்கு மேல், முல்லைத்தீவில் 38. சமமான ஐந்து வகுப்பாக 700, 1,400, 2,100, 2,800, 3,500 என்று பிரித்துப் பாருங்கள். கொழும்பு தனியே ஐந்தாவது நிறம், கம்பஹா தனியே மூன்றாவது, கண்டியும் களுத்துறையும் இரண்டாவது, நாலாவது நிறத்துக்கு ஆளே இல்லை. மிச்சம் 21 மாவட்டமும் ஒரே மெல்லிய மஞ்சள். யாழ்ப்பாணமும் திருகோணமலையும் முல்லைத்தீவும் ஒரே மாதிரி! சரி, அது வேண்டாம், ஒரு வகுப்புக்கு ஐந்து மாவட்டம் என்று எண்ணிக்கையால் பிரிப்போம் என்றால், படம் உடனே அழகாகிவிடும்: திருகோணமலை மட்டக்களப்பு, அம்பாறை, பொலன்னறுவை, அநுராதபுரத்தோடு ஒரு குழுவாகும், அது ஓரளவு நியாயம்தான். ஆனால் மேல் குழுவில் 3,400 கொழும்பும் 660 காலியும் ஒரே நிறத்தில் நிற்கும். எண்கள் மாறவில்லை, கணக்கில் பிழையும் இல்லை, பிரித்த விதம் மட்டும்தான் மாறியது. அதனால்தான் யாராவது நிழற்றல் படம் ஒன்றைக் காட்டினால் நான் படத்தைப் பார்க்க முதல் கீழே இருக்கும் குறி விளக்கத்தைப் பார்ப்பேன்.

எப்படிப் பிரித்தாலும் தீராத குறை ஒன்றும் உண்டு. எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள். அதில் குச்சவெளியை எடுங்கள். இறக்கக்கண்டி, குச்சவெளி, திரியாய், புல்மோட்டை என்று ஊர்கள் கடலோரத் தெருவைப் பிடித்துக்கொண்டே போகும், உள்ளே தள்ளிப் போனால் பெரும்பாலும் காடு. நிழற்றல் படமோ கடற்கரையில் இருந்து காடு வரைக்கும் ஒரே நிறத்தைப் பூசிவிடும், பிறகு எல்லைக்கோடு வந்த இடத்தில் திடீரென்று வேறு நிறம். சனம் எல்லைக்கோட்டைப் பார்த்தா குடியிருக்குது?

இங்கேதான் புள்ளிப் படம் ஜெயிக்கிறது. ஒரு புள்ளிக்கு 500 பேர் என்று வைத்தால், மாவட்டத்தின் 379,541 பேருக்கு 759 புள்ளி. பட்டணம், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் புள்ளிகள் அப்பிக்கொண்டு வரும், கோமரங்கடவல, மொரவெவப் பக்கம் அங்கொன்று இங்கொன்று, குச்சவெளியில் கரையோரமாக ஒரு கோடு போல இறங்கும். இந்த மாவட்டத்தை அறியாதவன் கூடப் பார்த்தவுடன் விளங்கிக்கொள்வான். புள்ளிப் பெறுமானத்தைத் தெரிவதில்தான் கை பழக வேண்டும்: 100 பேருக்கு ஒன்று என்றால் கிட்டத்தட்ட 3,800 புள்ளி, கிண்ணியா மை கொட்டின மாதிரி ஆகிவிடும். 5,000 பேருக்கு ஒன்று என்றால் 76 தான், சின்ன ஊர்கள் காணாமல் போகும்.

இன்னொரு விஷயத்திலும் நான் புள்ளியின் பக்கம்தான். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சமூகத்தில் எதுவும் பாதியைத் தொடாத மாவட்டம் இது. பெரும்பான்மைக்கு ஒரு நிறம் என்று பிரிவு பிரிவாகத் தீட்டினால் மற்ற இரண்டு சமூகமும் அந்தப் பிரிவில் இருந்து துடைத்தெறியப்பட்டது போலத் தெரியும். மூன்று நிறப் புள்ளி வைத்தால் மூதூரில் யார் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது அப்படியே வரும்.

ஆனால் புள்ளிப் படம் சோம்பேறிக்கு உதவாது. எந்தப் புள்ளி எங்கே என்பதற்கு இடவிளக்கப் படத்தைப் பார்த்து ஊர், தெரு, குளம், காடு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். கணினியிடம் விட்டால், எல்லைக்குள் எழுமாற்றாகத் தூவி, கந்தளாய்க் குளத்துக்கு நடுவில் ஐந்தாறு குடும்பத்தைக் குடியேற்றிவிடும். பிறகு, படத்தைப் பார்த்து எண்ணைத் திருப்பி எடுக்கவும் முடியாது, 759 புள்ளியை யார் இருந்து எண்ணுவது? மாவட்டங்களின் பெறுமானத்தைச் சட்டென்று ஒப்பிட வேண்டும் என்றால் நிழற்றல்தான் லேசு.

விகிதசம வட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மொத்த எண்ணிக்கைக்கு இதுதான் உரிய முறை, துறைமுகத்தில் இறங்கின சரக்கு, நகரங்களின் சனத்தொகை போன்றவற்றுக்கு நன்றாக இருக்கும். கவனிக்க வேண்டியது வர்க்கமூலம்: எண்ணுக்கு ஏற்றபடி கூட வேண்டியது வட்டத்தின் பரப்பு, ஆரை அதன் வர்க்கமூலப்படிதான் கூடும். கொழும்பு மாவட்டத்தின் 2,324,349 பேர் முல்லைத்தீவின் 92,238 ஐப் போல 25 மடங்கு, ஆகவே வட்டத்தின் ஆரை 5 மடங்கு. முல்லைத்தீவுக்கு 3 மில்லிமீற்றர் ஆரை என்றால் திருகோணமலைக்கு 6, கொழும்புக்கு 15. ஆரையையே 25 மடங்காக்கினால் பரப்பு 600 மடங்கைத் தாண்டி, வட்டம் தாளை விட்டே வெளியே போய்விடும். சரியாக வரைந்தாலும் கொழும்பு வட்டம் கம்பஹாவின் மேல் ஏறிக்கொள்ளும், அதை ஒன்றும் செய்ய முடியாது.

சமகணியக் கோடு வேறு சாதி. எல்லையே இல்லாமல் தொடர்ந்து மாறுகிற பொருளுக்குத்தான் அது: மழை, வெப்பம், உயரம். 1701 இல் எட்மண்ட் ஹாலி அத்திலாந்திக் சமுத்திரத்தின் காந்த விலகலை (திசைகாட்டி ஊசி உண்மையான வடக்கில் இருந்து விலகும் அளவை) கோடுகளால் வரைந்ததும் அதனால்தான், கடலில் மாவட்டம் ஏது? குடித்தொகைக்குக் கோடு இழுக்கிற பிள்ளையும், மழைக்கு மாவட்டவாரியாக நிறம் தீட்டுகிற பிள்ளையும் ஒரே பிழையின் இரண்டு பக்கம். மழை கந்தளாயில் நின்று எல்லைப் பலகையை வாசித்துவிட்டுப் பெய்வதில்லை.

கோட்டுப் படத்திலும் ஏமாறலாம். ஆண்டு மழைவீழ்ச்சிப் படத்தில் மலைநாட்டின் மேற்குச் சரிவு 5,000 மில்லிமீற்றரைத் தாண்டி நிற்க, நாங்கள் 1,750 கோட்டுக்கு வெளியே உலர் வலயத்தில் கிடப்போம். அதைப் பார்த்தவன் இது வறண்ட பூமி என்று முடிவு கட்டுவான். உண்மையில் திருகோணமலைக்கு ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றர் அளவில் கிடைக்கிறது, சென்னைக்குக் கிடைப்பதை விடக் கூட. பிரச்சினை அளவில் இல்லை, காலத்தில். பெரும்பங்கு ஒக்டோபரில் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டித் தீர்த்துவிடும், ஜூனில் மேற்கில் இருந்து வரும் வறண்ட கச்சான் காற்று புழுதியைத்தான் வாரி இறைக்கும். தம்பலகாமத்து வயல்காரருக்கு ஆண்டுச் சராசரிக் கோடு எதற்கு? பெரும்போக மாதங்களுக்கு ஒரு படம், சிறுபோக மாதங்களுக்கு ஒரு படம் என்று இரண்டாக வரைந்தால்தான் குளம் ஏன் வேண்டும் என்பது படத்திலேயே தெரியும். அப்படி வரையும்போது இரண்டு படத்துக்கும் ஒரே கோட்டிடைவெளி, ஒரே நிறவரிசை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் ஒப்பிட முடியாது.