மருதமுனைக் கைத்தறியும் வாத்திச்சியின் அலுமாரியும்

மட்டக்களப்பு ரவுணில் கலியாண வீட்டுக்கு உடுக்க என்ன கேட்டாலும் எடுத்துப் போடுவார்கள். கல் பதித்தது, ஜரிகை ஓடியது, கழுத்தில் பட்டால் அரிப்பது எல்லாம் இருக்கும். விடிய உடுத்து பஸ் ஏறி, நின்றுகொண்டே படிப்பித்து, பின்னேரம் அப்படியே சந்தைக்கும் போய்வர ஒரு சாறி கேட்டால்தான் கடைப் பிள்ளைகள் யோசிப்பார்கள். யோசித்துவிட்டு, "டீச்சர், இது புது மொடல்" என்று பழைய ஜோர்ஜெட்டையே விரிப்பார்கள். கச்சான் என்கிற வெக்கைக் காற்று அடிக்கிற மாதத்தில் ஜோர்ஜெட் உடுத்தால் இடைவேளை மணி அடிக்க முன்னமே முதுகு நனைந்து துணி உடம்போடு ஒட்டிவிடும். மறைக்க நினைத்த வயிறுதான் அப்போது முதலில் தெரியும்.

ஐம்பதை நெருங்கும், உயரம் குறைந்த, கொஞ்சம் பூசின உடம்புக்காரி நான். குதிக்கால் வலியும் உண்டு. இந்த வருடம் பள்ளிக்கூட உடுப்பையெல்லாம் மாற்றுவது என்று முடிவெடுத்ததும் கல்முனை பஸ் ஏறி மருதமுனையில் இறங்கினேன். கல்லடிப் பாலம், ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி எல்லாம் கடந்து, பெரியநீலாவணை முடிந்தவுடன் வருகிற ஊர். அம்பாறை மாவட்டம். ஆம்பிளைகள் உடுக்கும் சாரத்துக்குப் பேர்போன இடம், ஆனால் சாறியும் நெய்கிறார்கள். நான் போனது பெரிய கடை இல்லை. வீட்டின் முன் அறையில் அலுமாரிகள், பின் விறாந்தையில் தறிகள்.

கடைக்காரக் காக்கா (முஸ்லிம் ஊர்களில் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவது) செய்த முதல் காரியமே எனக்குப் பிடித்தது. நான் ஆசையாகத் தூக்கிய நீல நிறச் சாறியைப் பார்த்து, "அது நம்மட தறில நெய்ஞ்சதில்ல டீச்சர், மெஷின் துணி. கேக்கிற ஆக்களுக்காக வெச்சிருக்கன்" என்றார். இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மெஷின் துணியில் இழை ஒரே சீராக ஓடியது. கைத்தறியில் அங்கங்கே குறுக்கே ஓடும் ஊடை நூல் கொஞ்சம் நெருங்கியும் கொஞ்சம் விலகியும் கிடந்தது. பின்னால் ஒரு ராத்தா, அதாவது அக்கா, நெய்துகொண்டிருந்தா. நெடுக்கே ஓடும் பாவில் ஒரு நூல் அறுந்ததும் தறியை நிறுத்தி, இரண்டு நுனியையும் விரலில் ஈரம் தொட்டு முறுக்கி, கண் மூடித் திறக்க முன் முடிச்சுப் போட்டு, மிச்சத்தை நறுக்கிவிட்டுத் திரும்ப மிதிக்கத் தொடங்கினா. இப்படி முடிச்சு விழுந்த இடம் துணியின் அடிப்பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும். அதைக் குறை என்று சொல்லி விலை குறைக்கக் கேட்கிறவர்களும் இருக்கிறார்களாம்.

விலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெறும் பருத்திச் சாறிக்கு 4,800 ரூபா கொடுத்தேன். ரவுணில் இதற்குக் குறைந்த விலையில் மினுக்கமாக ஒன்று வாங்கலாம்தான். நூலும் சாயமும் வெளியிலிருந்து வர வேண்டும், அதனால் விலை அவர்கள் கையில் இல்லை. காக்காவின் வாப்பா காலத்தில் அந்த ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்குமாம். 1977-க்குப் பிறகு இறக்குமதி திறந்து மலிவுத் துணி வந்து குவிந்ததில் பலர் தறியை விட்டார்கள். 2004 சுனாமி கடற்கரைப் பக்கத்துத் தறிகளை வீடுகளோடு கொண்டுபோனது. மிஞ்சினவர்கள் நெய்வதைத்தான் நாம் வாங்குகிறோம்.

உடுத்துப் பார்த்த அனுபவத்துக்கு வருகிறேன். புதிதில் கஞ்சி விறைப்பு இருக்கும், கொய்யகம், அதாவது முன் மடிப்பு, முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கும். சில தடவை தோய்த்தபின் துணி இளகி, கொய்யகம் நேராக விழுகிறது. ஒட்டுவதில்லை, வழுக்குவதில்லை, தோளில் ஊசி ஒன்று போதும். என்னைப்போல உயரம் குறைந்தவர்கள் அகலக் கரையை விட்டுவிடுங்கள், அது ஆளை இன்னும் குட்டையாக்கும். விரற்கடை அளவு கரையும் உடலில் நெருக்கமான சின்னக் கோடும் உள்ளதை எடுத்தேன். ஸ்டாஃப் ரூமில் "மெலிஞ்சிட்டீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லவில்லை.

குறைகளும் உண்டு. ஆள் உயரக் கண்ணாடி இல்லை. நிறங்களில் கடும் பச்சையும் கத்தரிப்பூவும்தான் கூடுதல், மெல்லிய சாம்பல் ஒன்றுக்குத் தேடியே களைத்துப் போனேன். நான் வாங்கிய சிவப்புக் கரைச் சாறி முதல் தோய்ப்பில் சாயம் விட்டது. தனியாக ஊறப்போட்டு நிழலில் உலர்த்தினால் வெள்ளைத் துணிகள் தப்பும். சாறியோடு வருகிற பிளவுஸ் துணி நம் வெக்கைக்குத் தடிப்பு, அதை விட்டுவிட்டு மெல்லிய பருத்தி வாங்கித் தைத்தேன்.

தைத்தது கல்லடியில் எனக்குத் தெரிந்த ஒரு மாமி. ரெடிமேட் பிளவுஸ் எல்லாவற்றிலும் எனக்குக் கைக்குழிதான் வெட்டும். "புள்ள, கைக்குழிய இறுக்கினா வடிவு வருமெண்டு ஆரோ சொல்லி வெச்சிருக்காங்க. மறுகா கையத் தூக்கிப் போட்டில எழுதேலாது" என்று, என்னைக் கையைத் தூக்கச் சொல்லித்தான் அளவே எடுத்தா. முழங்கை வரை கை, இரண்டு பக்கமும் உள்ளே பிடித்து வைத்த ஓர் அங்குலத் துணி. நாளைக்கு உடம்பு வைத்தாலும் பிரித்து விடலாம். தையல் கூலி ரவுணை விடக் குறைவு, ஆனால் சொன்ன திகதிக்கு ஒருநாளும் தரமாட்டா.

சப்பாத்து விஷயத்தில் எனக்கு இன்னும் திருப்தி இல்லை. ரவுணில் ஒரு கடையில் மலிவு விற்பனை நேரம் வாங்கிய செருப்பின் வார் மாதம் முடிய முன்னமே பசை விட்டுக் கழன்றது. கொண்டுபோனால், "சேல் சாமான் மாத்துறதில்ல" என்றார்கள். இப்போது போடுவது பின்வார் வைத்த, அடி தடித்த ஒன்று. வாங்குகிறபோது கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள்: விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் குதிக்காலுக்கு ஆகாது. பின்னேரம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்ப்பது நல்லது. பெருவிரலுக்கு முன்னால் இடம் இல்லாவிட்டால், "போடப் போடத் தளரும்" என்று கடைத்தம்பி சொல்வதைக் கேட்க வேண்டாம். அப்புறம், அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டே சாறிக்குக் கரை அளவு பாருங்கள், இல்லாவிட்டால் கீழ்க்கரை மண்ணைக் கூட்டும். தோல் சப்பாத்து இருந்தால் மார்கழி மழைக்கு எடுக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். அந்த மாதங்களுக்கு றப்பர்தான் சரி.

மருதமுனைக்கு நான் திரும்பவும் போவேன், அடுத்தது வீட்டுக்கு உடுக்கச் சட்டைத்துணி எடுக்க. வெள்ளிக்கிழமை போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், ஜும்மாவுக்குப் பூட்டினால் திறக்கப் பின்னேரமாகும். காசும் கையில் இருக்கட்டும். கார்ட் மெஷின் மேசையில் இருந்தது, வேலை செய்யவில்லை.