கணினியோடு இணைக்க எந்தக் கீபோர்டு?

கொடை விழாப் பாடல்களுக்கும் சபைப் பாடகர் குழுவுக்கும் பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே பின்னணி இசை அமைத்துத் தருகிறேன். "அண்ணே, எந்த மிடி கீபோர்டு வாங்கலாம்?" என்று கேட்கும் தம்பிகளிடம் (மிடி என்பது கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை), வீட்டில் கிடக்கும் கேசியோவையோ யமஹாவையோ முதலில் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். பின்பக்கம் சதுரமான யுஎஸ்பி துளை இருந்தால், பிரிண்டர் கேபிள் ஒன்றே போதும்.

அதன் சத்தம் பழசாக இருப்பது குறையே அல்ல. மிடி வழியே ஒலி போவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது போன்ற செய்திகளே 0 முதல் 127 வரையான எண்களாகப் போகின்றன. ஒலி பிறப்பது கணினியில். அழுத்தத்தை உணராத கட்டைகள் என்றால்தான் யோசிக்க வேண்டும்; எல்லாச் சுரமும் ஒரே கனத்தில் விழும். ஐந்து முள் துளை மட்டுமே உள்ள பழைய கீபோர்டுக்கு அதை யுஎஸ்பியாக மாற்றித் தரும் கேபிள் தேவை. அதில் மிக மலிவானதை வாங்கி நான் பட்டிருக்கிறேன்: விரலை எடுத்த செய்தி வழியில் தொலைந்து, வயலின் சுரம் ஒன்று நிற்காமல் இழுத்துக்கொண்டே இருந்தது.

புதிதாக வாங்குவதென்றால் 25 கட்டையா, 61 கட்டையா? சிறியது பைக்குள் அடங்கும். கணினியிடமே மின்சாரம் வாங்கிக்கொள்வதால் கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் ஓடும். பல மாடல்களில் உள்ள தட்டுப் பட்டைகளில் உறுமி, தவில் அடிகளைப் பதிவதற்கும் தனி மெட்டு வாசிப்பதற்கும் அருமை. ஆனால் பாமாலையை, அதாவது சபைப் பாட்டுகளை, நான்கு குரலில் வாசிக்க முடியாது. தாழ்ந்த குரலான பாஸிலிருந்து உயர்ந்த குரலான சோப்ரானோ வரை ஏறக்குறைய மூன்று ஸ்தாயி வேண்டும். இதில் இருப்பது இரண்டு. ஸ்தாயி மாற்றும் பொத்தான் இரு கைகளையும் சேர்த்தே நகர்த்திவிடும். அதற்கு 49 கட்டையாவது வேண்டும், 61 தாராளம்.

எனக்கு இதைவிட முக்கியம், சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் இடது கைப்பக்கச் சக்கரம். காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு ஆடாத சுரம் காதில் ஏறாது. தோடி ராகத்தின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசையும். ஸட்ஜத்தை சி கட்டையில் வைத்தால் காந்தாரம் டி ஷார்ப். அங்கிருந்து இரண்டு அரைச்சுரம் கீழே சுத்த ரிஷபம், இரண்டு அரைச்சுரம் மேலே சுத்த மத்தியமம். பெரும்பாலான மென்பொருள் கருவிகளில் சக்கரத்தின் வீச்சு முதலிலேயே இருபுறமும் இரண்டு அரைச்சுரம்தான், கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. பஞ்சமத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு ஜாரு போட, அதாவது வழுக்கிக்கொண்டு போக மட்டும் வீச்சை ஐந்தாக மாற்றுங்கள். பன்னிரண்டாக வைத்தால் விரல் சிறிது நகர்ந்தாலே சுருதி விலகும்.

சக்கரத்துக்குப் பதில் தொடுபட்டை உள்ளவற்றை நான் விரும்புவதில்லை. நடுவிலிருந்து விலகித் தொட்டால் சுரம் அங்கேயே தாவிவிடுகிறது. சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்தின் முதல் அசைவே கெட்டுப்போகிறது.

எதை வாங்கினாலும் விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ (ASIO) டிரைவரைப் போட்டு, பஃபரை, அதாவது ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவை, 128 மாதிரிகளுக்கு (sample) குறையுங்கள். விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வேகத்தில் 1024 என்றால் அது மட்டுமே 23 மில்லி விநாடி தாமதம். 128 என்றால் மூன்றுக்கும் குறைவு. ஒலி இடையிடையே வெடித்தால் 256க்கு ஏற்றுங்கள்.

இப்போது என் மேசையில் சக்கரம் உள்ள 61 கட்டை நிலையாக இருக்கிறது. 25 கட்டை, கொடைக்குக் கொண்டுபோகும் பையில்.