‘மாத வருமானம்’ வகுப்பில் போன என் 48,000 ரூபாய்: ஓவியர்கள், எழுத்தாளர்கள் கவனத்துக்கு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வழக்கம்போல ‘போய்த் தொலையட்டும்’ என்று விட்டுவிடுவேன். போனது 48,000 ரூபாய். ஒரு புத்தக அட்டைப்படம் வரைந்தால் எனக்குக் கிடைப்பது மூவாயிரம், மிஞ்சிப்போனால் நாலாயிரம். எத்தனை அட்டை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எப்படி ஏமாற்றுகிறார்கள், எப்படித் தப்பிப்பது, இரண்டையும் எழுதுகிறேன்.

எங்கள் பிழைப்பு தெரிந்ததுதான். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்பதால் ஐப்பசி தொடங்கி மார்கழி முடியத் தூங்க நேரம் இருக்காது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எங்களுக்குத் தை முடிந்தால் வழி அடைத்துக்கொள்ளும். செய்த வேலைக்கே காசு சித்திரை வரை இழுக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் ஃபோனில் விளம்பரம் வந்தது: படைப்பாளிகளுக்கு மாதாமாதம் நிலையான வருமானம், ஆறு மாதப் பயிற்சி, மூன்று நிரந்தர வாடிக்கையாளர்களையும் அவர்களே பிடித்துக் கொடுப்பார்களாம். ஆன்லைன் பயிற்சிக் கம்பெனி. பெயர் போடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு நாளைக்கே வேறு விளம்பரத்தில் வருவார்கள்.

அங்கிருந்து வீடியோ காலில் பேசிய பெண்ணுக்குக் குரல் அவ்வளவு பதமாக இருந்தது. “மேடம், நீங்க வரைஞ்ச அந்த ஆட்டுக்குட்டி, இடது காது ஓரத்துல சின்னதா கிழிஞ்சிருக்கே, முள்வேலில மாட்டினதா?” என்றாள். ஆமாம், முள்வேலிதான். குழந்தைகள் கதைக்காக வரைந்தது. கதையை எழுதியவரே அந்தக் காதைக் கவனிக்கவில்லை. இவள் கவனித்திருக்கிறாளே என்று மனசு அப்படியே இளகிவிட்டது. அப்புறம் வகுப்பில் சேர்ந்தவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் விசாரித்தால், மிருதங்கம் வாசிக்கும் ஒரு தம்பியிடம் அவன் போட்ட ரீல்ஸில் ஒரு தீர்மானத்தை (வாசிப்பை முடித்துவைக்கும் தாளக்கட்டு) சொல்லி உருகியிருக்கிறாள். பேசுவதற்கு முன்னால் நம் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் துழாவி ஒன்றைப் பொறுக்கிக்கொள்வதுதான் அவர்கள் வேலையே.

“மொத்தமா கட்ட வேண்டாம் மேடம், மாசம் 4,000, பன்னிரண்டு மாசம், வட்டியே கிடையாது” என்றாள். பான் எண், ஆதார் எண் வாங்கினாள். ஓடிபி வந்ததும் “இது வெறும் வெரிஃபிகேஷன்தான்” என்றாள். வெரிஃபிகேஷன் இல்லை, கடன்! என் பெயரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் 48,000 ரூபாய் கடன் எடுத்து, என் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகத் தவணை பிடித்துக்கொள்ளவும் அனுமதி வாங்கிவிட்டார்கள். பயிற்சிக் கம்பெனிக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவர்களுக்கு இனி நான் தேவையே இல்லை.

வகுப்பு என்று வந்தது பாதி இந்தி, பாதி ஆங்கிலத்தில் பழைய வீடியோக்கள். மணிக்கு இத்தனை டாலர் கேளுங்கள் என்கிறார்கள். திருநெல்வேலியில் உட்கார்ந்திருக்கும் நான் யாரிடம் போய் டாலர் கேட்பது? நிரந்தர வாடிக்கையாளர் என்று கொடுத்தது ஒரு எக்செல் பட்டியல். பாதி மெயில் திரும்பி வந்தது. பதில் போட்டது ஒரே ஒரு ஓட்டல்காரர். மாதம் முப்பது போஸ்டர், மொத்தம் 5,000 ரூபாய், படத்தின் உரிமையெல்லாம் என்றென்றைக்கும் அவருக்கே. அதைத்தான் “உங்க முதல் வாடிக்கையாளர், வாழ்த்துகள்!” என்று பலூன் படம் போட்டுக் கொண்டாடினார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பதமான குரல் காணாமல் போய்விட்டது. “டிக்கெட் ரைஸ் பண்ணியாச்சு மேடம், 48 மணி நேரம்.” அப்புறம் வேறொருவர், “நீங்க முதல் பாடத்தைத் திறந்துட்டீங்களே, ரீஃபண்ட் வராது.” திறக்காமல் எப்படி ஐயா படிப்பது? ஃபைனான்ஸ்காரரைக் கேட்டால் “நாங்க பணம் குடுத்தாச்சு, அவங்களையே கேளுங்க.” அவர்களைக் கேட்டால் “லோன் விஷயம் எங்களுக்குத் தெரியாது.” வழக்குப் போடுவேன் என்றதற்கு “பெங்களூரு வந்து போடுங்க” என்று சிரித்தார் ஒருவர். அன்றைக்கே குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். போதாதற்குப் பயிற்சிக்காக நான் வரைந்து அனுப்பிய படத்தை, ‘எங்கள் மாணவி, மாதம் 60,000 சம்பாதிக்கிறார்’ என்று விளம்பரத்தில் ஓட்டுகிறார்கள். நான் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன்!

விரிவாக எழுத நினைத்தேன், தலைவலி மண்டையைப் பிளக்கிறது. அதனால் சுருக்கமாக. வட்டியில்லாத் தவணை என்றால் கடன் யார் பெயரில் என்று எழுத்தில் கேளுங்கள். ஓடிபி குறுஞ்செய்தியை முழுசாகப் படிக்காமல் எண்ணைச் சொல்லாதீர்கள். மாட்டிக்கொண்டதும் கடன் கொடுத்த கம்பெனிக்கு அன்றைக்கே மெயில் போடுங்கள். டிஜிட்டல் கடனிலிருந்து, அசலையும் அதுவரையான வட்டியையும் கட்டித் தொடக்க நாட்களிலேயே அபராதமில்லாமல் விலக ரிசர்வ் வங்கி விதியில் இடம் இருக்கிறது. கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், சிபில் மதிப்பெண் (அடுத்த கடனுக்கு வங்கிகள் பார்ப்பது) விழும். பெங்களூருக்கெல்லாம் போக வேண்டாம். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. முதலில் 1915-க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 48,000 ரூபாயையும் கேட்கப்போகிறேன், அந்தப் படத்தையும் எடுக்கச் சொல்லப்போகிறேன். இப்போது அந்த மாதிரி குரூப்பில் இருப்பவர்கள், தூக்குவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.