ஆற்றங்கரைக் குப்பையை நிறுக்க 50 கிலோ தொங்கு தராசு போதுமா?

திருகோணமலைக் கடைகளில் மீன் நிறுக்கவும் பயணப்பெட்டி நிறுக்கவும் விற்கிறார்களே, கொக்கி வைத்த அந்தக் கையடக்க டிஜிட்டல் தராசைப் பற்றியது இது. மூதூர், கிண்ணியாப் பக்கம் மகாவலிக் கரையில் பிளாஸ்டிக் கணக்கெடுக்கும் பாடசாலை மாணவர்களுக்கு வாங்கலாமா? வாங்கலாம். இதை மட்டும் நம்பி இறங்கக்கூடாது.

எடை பத்துப் பத்துக் கிராமாகத்தான் ஏறும். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் வெறுமையாக 10 முதல் 20 கிராம். மூடி இரண்டு, மூன்று கிராம். ஒரு போத்தலை மாட்டினால் சில நேரம் 0 என்றே நிற்கும். ஆகவே இனம் பிரித்து, ஒரு இனம் அரைக் கிலோவைத் தாண்டினால் மட்டும் மாட்டுங்கள். குறைந்தவற்றை எண்ணி எழுதிவிட்டு, வகுப்பறையில் 1 கிராம் காட்டும் சமையலறைத் தராசில் நிறுக்கலாம். கரையில் அது காற்றுக்கு ஆடும்.

எண்ணுவதை விட்டுவிடவே கூடாது. இலங்கையில் 2017இல் தடைசெய்த, சோறு சுற்றும் லஞ்ச் சீட், ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி, 2021இல் தடைசெய்த சிறிய ஷாம்பு பக்கெற் எல்லாம் எடையில் ஒன்றுமில்லாதவை. கிலோக் கணக்கில் மட்டும் அறிக்கை எழுதினால் இவை காணாமல் போகும். உரப்பையும் பழைய வலைத்துண்டும் முதலிடம் பிடிக்கும்.

பெரிய வம்பு யூனிட் பொத்தான். பல மாதிரிகளில் கிலோ, இறாத்தலோடு 'ஜின்' என்ற சீன அளவும் உண்டு. ஒரு ஜின் 500 கிராம். கை தவறி அழுத்தினால் 2.40 கிலோ 4.80 ஆகிவிடும். திரை மூலையில் உள்ள குட்டி எழுத்து வெயிலில் தெரியாது. பொத்தான் மேல் டேப் ஒட்டுங்கள். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் நிறையத் தண்ணீர் பிடித்த ஒன்றரை லீற்றர் போத்தலை மாட்டிப் பாருங்கள்: ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். மூன்றுக்கு மேல் போனால் ஜின்னில் நிற்கிறது.

சாக்கைக் கழிக்கும் 'டெயார்' பொத்தானையும் நம்ப வேண்டாம். சும்மா இருந்தால் தராசு தானாக அணையும், கழித்த எடை அழிந்துபோகும். வெறும் சாக்கைத் தனியே நிறுத்துக் கழிப்பதே சுலபம். கையில் பிடித்தால் எண் ஆடிக்கொண்டே இருக்கும். தடியொன்றில் கட்டி, இரண்டு பேர் இரு முனையையும் தோளில் வைக்கட்டும்.

தராசு செய்யாத பிழையும் உண்டு. மாரி வெள்ளம் வடிந்தபின் ஆற்றுவாய்க் கண்டல் வேரில் சிக்கிய சொப்பிங் பையில் பாதி சேறுதான். உதறி, அலசி, கால்மணி நேரம் தொங்கவிட்டு நிறுக்காவிட்டால் ஆற்றுவாய்தான் மோசம் என்று கணக்கு வரும், நிறுத்தது மண்ணை.

எண்ணும் இடத்தைத் தெரிவுசெய்வதிலும் கவனம் வேண்டும். நீரோரம், கரைச்சரிவு, வெள்ளக்கோட்டுக்கு மேலே என மூன்று வட்டங்கள், ஒவ்வொன்றும் நடுவில் குச்சி நட்டு, அதில் கட்டிய 1.5 மீற்றர் கயிற்றால். ஒரு வட்டம் ஏறத்தாழ 7 சதுர மீற்றர். எண்ணிக்கையை அதால் வகுத்தால் சதுர மீற்றருக்கு எத்தனை என்று வரும். குப்பை குவிந்த இடத்தைப் பார்த்துப் பிள்ளைகள் குச்சி நடுவார்கள். நாடாவால் அளந்த தூரத்தில் நடச் சொல்லுங்கள். முதலை உள்ள ஆறு, நீருக்குள் கால் வைக்க விடாதீர்கள்.

கடற்காற்றுக்குக் கொக்கியும் பற்றரிக் கம்பியும் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, பற்றரியைக் கழற்றி வையுங்கள்.