"மூன்றே நாளில் பல்" விளம்பரத்தை நம்பிப் போகிறவர்களுக்கு

ஈரோடு, பெருந்துறை, கோபி பக்கம் பல் இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் திருகு இறக்கி அதன்மேல் மாட்டும் செயற்கைப் பல்) வைக்க யோசிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்க. அப்பாவுக்கு நடந்தது. மருத்துவமனைப் பேரை இப்போதைக்குப் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறோம்.

அப்பாவுக்குக் கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல் ஒன்று போய் வெகுகாலம் ஆச்சு. சர்க்கரையும் உண்டு. டாக்டர் வாயைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். அப்புறம் பேசியதெல்லாம் கவுண்ட்டரில் இருந்த பெண். "இன்னைக்கே அட்வான்ஸ் கட்டிட்டா ஆஃபர் ரேட்டுங்க ஐயா." சின்ன எக்ஸ்ரே ஒன்று எடுத்ததோடு சரி, தாடையை முழுசாக அளந்து காட்டும் சிபிசிடி ஸ்கேன் கிடையாது. சர்க்கரை இருப்பதை அப்பா வாய்விட்டுச் சொன்னார். மூன்று மாதச் சர்க்கரை சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரிப்போர்ட்டை யாரும் கேட்கவே இல்லை. அந்த வாரமே திருகும் இறக்கி, மேலே பல்லும் மாட்டி அனுப்பிவிட்டார்கள்.

இம்ப்ளாண்ட் என்பது டைட்டானியத் திருகு. வேர் இருந்த இடத்தில் எலும்பில் துளை போட்டு இறக்குவார்கள். அதன்மேல் அபட்மென்ட் என்ற இணைப்பு, அதற்கும் மேலே நாம் மெல்லுவதற்கான கிரவுன் என்ற செயற்கைப் பல். திருகை எந்தப் பசையும் பிடித்து வைப்பதில்லை. எலும்பே வளர்ந்து அதோடு ஒட்ட வேண்டும். சுவீடன் டாக்டர் பிரானமார்க் 1965இல் முதல் நோயாளிக்கு வைத்த காலம் தொட்டு அடிப்படை இதுதான். பொதுவாகக் கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் வரை ஆகும். எலும்பு கெட்டியாக இருந்து திருகு இறுக்கமாக உட்கார்ந்தால் சிலருக்கு உடனே பல் மாட்டுவதும் உண்டு, அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் யாருக்கு அது சரிவரும் என்பதை ஸ்கேன் பார்க்காமல் எப்படிச் சொல்வது? சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும், பீடி சிகரெட் பழக்கம் இருந்தாலும் ஒட்டுவது சிரமம். கீழ்த்தாடைக்குள் உதட்டுக்குப் போகும் நரம்பு வேறு ஓடுகிறது. அளவு தவறினால் உதடு மரத்தே போய்விடலாம். நல்லவேளை, அப்பா அதில் தப்பினார்.

கொஞ்ச நாளில் ஈறு வீங்கியது. அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து வந்து வாயைத் திறந்து காட்டினார். நாக்கால் தள்ளினால் பல் ஆடுகிறது, ஓரத்தில் சீழ். அங்கேயே திரும்பப் போனோம். "உங்க எலும்பு வீக்குங்க, எலும்புப் பொடி வைக்கணும்" என்று இன்னொரு தொகை கேட்டார்கள். அதைத் துளை போடும் முன்னாலேயே பார்த்திருக்க வேண்டாமா? எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

என்ன கம்பெனித் திருகு என்றால், "ஜெர்மன்தானுங்க" என்ற வாய்ப்பேச்சு மட்டும்தான். திருகு வரும் டப்பாவில் கம்பெனி பேர், அளவு, லாட் நம்பர் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை ஒரு அட்டையில் ஒட்டித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்க. நாளைக்கு வேறு டாக்டரிடம் போனால் எந்தப் பாகம் பொருந்தும் என்று தெரிவது அதை வைத்துத்தான். எங்களுக்கு அட்டையும் தரவில்லை, முறையான பில்லும் தரவில்லை.

கோயம்புத்தூரில் வேறொரு டாக்டர் சிபிசிடி எடுத்துத் திரையில் காட்டினார். திருகைச் சுற்றிக் கறுப்பு வளையம்; எலும்பு கரைந்த இடம். திருகை எடுத்துவிட்டார். குழி ஆறி, சர்க்கரையும் இறங்கிய பிறகுதான் அடுத்த பேச்சு.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2 வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஜிபேயில் பணம் அனுப்பிய விவரம், எக்ஸ்ரே, எடுத்த திருகு எதையும் தூக்கி எறியாதீங்க.