யெஸ்டி ரோட்கிங்கும் அந்த ரிங் நட்டும்

பழைய யெஸ்டி ரோட்கிங் பைக் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். என் வண்டி லேத்துப் பட்டறையிலிருந்து இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறது. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை, அதையும் சேர்த்தே இதைப் படியுங்கள்.

250 சிசி டூ ஸ்ட்ரோக், கிக்கருக்கும் கியருக்கும் ஒரே லீவர், 1996-ல் மைசூர் ஆலையோடு நின்றுபோன தயாரிப்பு என்பதெல்லாம் அவருக்கே தெரியும். விற்கிறவர் வாயைத் திறக்காத விஷயம் ஒன்று உண்டு. சைலன்சர் பைப்பை சிலிண்டரோடு பிடித்து வைத்திருக்கும் ரிங் நட்டு.

இந்த வண்டிக்கு சிலிண்டர் ஒன்று, புகை வெளியேறும் வழி இரண்டு. ஒவ்வொரு பக்கமும் சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாயான பெண்ட் பைப்பின் வாய் சிலிண்டரில் போய் உட்காரும், நடுவில் கசிவை அடைக்க ஒரு கேஸ்கட் வளையம், மேலே மரை போட்ட பெரிய வளைய நட்டு. அவ்வளவுதான். ஓடும்போது சூட்டில் எல்லாம் விரியும், நின்றதும் சுருங்கும். கேஸ்கட் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். மேலே இஞ்சினின் அதிர்வு வேறு. நட்டு லேசாக இளகினால் போதும், அந்த இடைவெளியில் பைப் ஆடத் தொடங்கும். பைப் ஆட ஆட நட்டு மேலும் கழலும். கடைசியில் சிலிண்டரில் இருக்கும் மரையே தேய்ந்துபோகும். நட்டு போனால் வேறு நட்டு வாங்கலாம். சிலிண்டர் மரை போனால் லேத்துதான்.

இளகியதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நட்டைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய் கசிந்து, சிலிண்டரைச் சுற்றியிருக்கும் ஃபின் தகடுகளில் படியும். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் டப் டப் என்று வெடிக்கும். அப்புறம் இழுவை குறையும். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் வெறும் சத்தம் அடக்கும் குழாய் இல்லை. புகை போகும் வேகத்தில் பைப்புக்குள் எழும் அழுத்த அலையும் புது பெட்ரோல் கலவையை உள்ளே இழுப்பதிலும் நிறுத்திவைப்பதிலும் பங்கெடுக்கிறது. வாயிலேயே கசிந்தால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, பிளக்கை மாற்றி, பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பாயின்ட்டைச் சரிபார்த்து, கடைசியில் நட்டைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். முதலில் நட்டைப் பாருங்கள்.

என் வண்டியை லேத்துவரை கொண்டுபோனது உளி. இந்த நட்டுக்கென்றே வளைந்த சி ஸ்பேனர் உண்டு. அதை வாங்கி வைத்திருக்காத ஒரு பட்டறையில், நட்டின் விளிம்பில் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டியே இறுக்கினார்கள். விளிம்பு சிதைந்தது மட்டுமில்லை, நட்டு சாய்வாக ஏறி இடது பக்க மரையையும் அறுத்துவிட்டது. கேட்டால், பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். அப்படி இல்லவே இல்லை! பழைய வண்டியின் மேல் பழி போடுவது இந்தத் தொழிலில் சுலபமான தப்பித்தல். சரியான ஸ்பேனரோடு, கையால் நாலைந்து மரை ஏற்றிவிட்டு இறுக்கியிருந்தால் இந்தச் செலவே வந்திருக்காது.

லேத்துக்காரர் நிதானமானவர். தேய்ந்த மரையைச் சுத்தமாக்கி, புதிதாக மரை வெட்டி, அதற்குப் பொருந்தும் நட்டைத் தனியாகக் கடைந்து கொடுத்தார். அதைவிடப் பெரிய உதவி, வண்டியின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொன்னது. இடது சைலன்சரின் பின் கிளாம்ப் ஃபிரேமோடு நேராக உட்காரவில்லை. போல்ட்டை இறுக்கும்போதெல்லாம் சைலன்சர் உள்பக்கம் இழுபட்டு, அந்த இழுப்பு முழுவதும் முன்னால் இருக்கும் ரிங் நட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. வலது பக்கம் அடங்கிக் கிடக்க, இடது பக்கம் மட்டும் ஏன் திரும்பத் திரும்பக் கழன்றது என்பது அப்போதுதான் புரிந்தது. இடைவெளிக்கு ஏற்ற வாஷர் கொடுத்ததும் போல்ட் தானாக உள்ளே போயிற்று. இவ்வளவு காலம் நட்டை இறுக்கிய எவரும் பின்னால் குனிந்து பார்க்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது.

ஆகவே மாட்டும் வரிசை முக்கியம். பெண்ட் பைப், சைலன்சர், கிளாம்ப் எல்லாவற்றையும் முதலில் தளர்வாகவே மாட்டுங்கள். ரிங் நட்டை இறுக்குங்கள். பின் கிளாம்ப் கடைசியில்தான். கேஸ்கட் புதியதாக இருக்கட்டும். முழுச் செம்பு வளையமாக இருந்து, வேறு கிடைக்காவிட்டால், பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெதுவாகி அமுங்கும் பதத்துக்கு வரும். மரையில் சூடு தாங்கும் செம்பு கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள், அடுத்த முறை கழற்ற உளி தேவைப்படாது. பிறகு வண்டியை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, சூட்டோடு மறுபடி ஒரு இறுக்கு. புது கேஸ்கட் அமுங்குவது அப்போதுதான். அடுத்த சில ஓட்டங்களிலும் ஸ்பேனர் கூடவே இருக்கட்டும்.

இப்போது இரண்டு பக்கமும் இறுகி நிற்கிறது. மேட்டுப்பாளையம் தாண்டி குன்னூர் மலைப்பாதையில் இந்த வண்டி ஏறுகிற விதத்துக்கு ஈடாக வேறொன்றை நான் ஓட்டியதில்லை. கியரை மாற்றச் சொல்லாமல் அடியிலிருந்தே இழுக்கும். இரண்டு சைலன்சரும் சேர்ந்து எழுப்பும் அந்தக் கணகணப்புக்குத் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கியர் லீவரை மிதிக்கும்போதே கிளட்ச் தானாக விடுபடும் ஏற்பாடு இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். இதை விற்க மாட்டேன்.

ஆனாலும் நண்பருக்கு என் பதில், வாங்காதீர்கள். சி ஸ்பேனர் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கை உங்கள் ஊரில் காட்டுங்கள், பிறகு பேசலாம். அதுவரை போய்ப் பார்க்க மட்டும் செய்யுங்கள். இஞ்சின் ஆறியிருக்கும்போது பெண்ட் பைப்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ரிங் நட்டின் விளிம்பில் உளி பட்ட தழும்பு தெரிந்தால், விலையைக் கேட்காமலே திரும்பி வந்துவிடுங்கள்.