பகடை டேட்டாவுக்கு ஹிஸ்டோகிராம்: சும்மா 10, ஆட்டோ, இல்ல சீபார்னா?

பைத்தான்ல படம் வரையற லைப்ரரி மேட்பிளாட்லிப். அதுல ஹிஸ்டோகிராம் (எந்த மதிப்பு எத்தன தடவை வருதுன்னு பாரா காட்டற படம்) போடற ஹிஸ்ட் ஃபங்ஷன்ல எதை சரி பண்ணலாம்னு கேட்டா நிறைய பேர் கலரு, பார்டருன்னு ஆரம்பிப்பாங்க, எனக்கு அதெல்லாம் மேட்டரே இல்ல, டேட்டாவ பிரிச்சுப் போடற பெட்டிய (பின்னுன்னு சொல்வாங்க, பெட்டிக்கு ஒரு பார்) எங்க வெட்டுதுங்கறதுதான் மேட்டர்.

பகடைய 600 தடவை உருட்டின மாதிரி 1லேருந்து 6 வரைக்கும் ரேண்டம் நம்பர் எடுத்து அப்படியே போட்டுப் பாருங்க. டிஃபால்ட் 10 பெட்டி, ஆக ஒவ்வொண்ணும் அரை அகலம். ஒரு பார், ஒரு காலி, ஒரு பார், ஒரு காலின்னு பல்லு விழுந்த வாய் மாதிரி வரும், ஆனா 5ம் 6ம் மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கும், ஏன்னா கடைசி பெட்டி மட்டும் வலது ஓரத்தையும் சேர்த்துக்கும்.

சரி, எத்தன பெட்டின்னு சொல்ற பின்ஸ் ஆப்ஷன்ல ஆட்டோ குடுப்போம். ஸ்டர்ஜஸ், ஃப்ரீட்மேன்-டயகோனிஸ்னு பெட்டிக்கு கணக்கு சொல்ற ஃபார்முலா ரெண்டுல எது நிறைய பெட்டி சொல்லுதோ அதை எடுக்கும். இந்தக் கணக்கப் போடற நம்பை லைப்ரரில 2.0லேருந்து முழு எண் டேட்டான்னா பெட்டி அகலம் 1க்குக் கீழ போகாது. நல்ல மாத்தம்தான், ஆனா நம்ம பகடைக்கு இப்ப 5 பெட்டிதான் வருது, 5ம் 6ம் ஒரே பெட்டில விழுந்து கடைசி பார் ரெட்டை உயரம்! இது இன்னும் மோசம்ங்க, இடைவெளி இருந்தாலாவது சந்தேகம் வரும், இதப் பாத்தா பகடையத்தான் சந்தேகப்படுவோம்.

தசம டேட்டாவுக்கு ஆட்டோ ஓகே. ஒரே ஒரு மதிப்பு ரொம்ப தூரத்துல கிடந்தா மட்டும் பெட்டி லட்சக்கணக்குல போயிடும், பெட்டிக்கு ஒரு செவ்வகம்னு வரைய ஆரம்பிச்சா டீ குடிச்சிட்டே வரலாம். அப்ப படத்தோட பாணிய சொல்ற ஹிஸ்ட்டைப் ஆப்ஷன ஸ்டெப்னு மாத்துங்க, இல்ல மேட்பிளாட்லிப் 3.4ல வந்த ஸ்டேர்ஸ் ஃபங்ஷன யூஸ் பண்ணுங்க, ரெண்டும் தனித்தனி செவ்வகம் இல்லாம ஒரே வடிவமா வரையும்.

மேட்பிளாட்லிப் மேல கட்டின சீபார்ன் லைப்ரரியோட ஹிஸ்ட்பிளாட்ல டிஸ்க்ரீட் ட்ரூன்னு (டேட்டா தனித்தனி மதிப்புன்னு அர்த்தம்) ஒரு வார்த்தை, ஆறு பாரும் அதது நம்பர் மேல கரெக்டா உக்காரும். இதுக்காக மட்டும் இன்னொரு லைப்ரரிய இழுக்கணுமான்னா வேணாம், ஓரங்கள 0.5, 1.5ன்னு 6.5 வரைக்கும் கையால குடுத்தாலே அதே படம்.

டிஃபால்ட் 10ஐயே மாத்திடலாமேன்னா, அதுல எனக்கு இஷ்டமில்ல, இத்தன வருஷம் வரைஞ்ச படமெல்லாம் ஒரே நாள்ல வேற மாதிரி ஆயிடும், வேணும்ங்கறவங்களுக்கு ஆர்சிபாரம்ஸ்ல (மேட்பிளாட்லிப்போட டிஃபால்ட்டுகள மாத்தற இடம்) செட்டிங் இருக்கவே இருக்கு. அந்த டிஸ்க்ரீட் ஆப்ஷன மட்டும் ஹிஸ்ட்டுக்குள்ளயே கொண்டு வந்தா என் ஓட்டு அதுக்குத்தான்.